ஆசானா, குருக்களா, மாஸ்டரா? பட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலம்பப் போட்டி அழைப்பிதழ் ஒன்றில் ஒருவர் பெயருக்கு முன்னால் 'கிராண்ட் மாஸ்டர் ஆசான்', பின்னால் 'குருக்கள்' என்று போட்டிருந்தார்கள். ஊரில் அவர் எல்லாருக்கும் வாத்தியார். அந்த ஒரு சொல்தான் அழைப்பிதழில் இல்லை. மரியாதை கூடட்டும் என்று செய்ததுதான், ஆனால் இந்தப் பட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்ணுக்கும் மரபுக்கும் உரியவை.

அதிகம் இடறுவது குருக்கள் என்ற சொல். நமக்குக் குருக்கள் என்றால் சிவன் கோயிலில் பூசை செய்பவர். கேரளத்தின் வடபகுதிக் களரிப்பயட்டான வடக்கன் களரியிலோ பயிற்சி தருபவர்தான் குருக்கள். மலபாரில் முஸ்லிம் குருக்கள்மாரும் உண்டு, ஆகவே அர்ச்சகரோடு குழப்ப வேண்டாம். 'கள்' இருப்பதால் பலர் என்று நினைத்து, 'குரு' என்று திருத்திவிடுவதும் தவறு. அடிகள் என்பதுபோல அது மரியாதைப் பன்மை. பெண்ணுக்கு வேறு சொல் தேடவும் வேண்டாம். 2017இல் பத்மஸ்ரீ பெற்ற களரி ஆசிரியர் வடகரை மீனாட்சியம்மாவை மீனாட்சி குருக்கள் என்றே அழைக்கிறார்கள். பட்டம் பெயருக்குப் பின்னால் வருவதையும் கவனியுங்கள்.

தெற்கே, திருவனந்தபுரம், கன்னியாகுமரி பக்கம் வந்தால் அவர் ஆசான். அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்றுத் தருபவரே அங்கே வர்ம வைத்தியமும் பார்ப்பதுண்டு. காலையில் பிள்ளைகள் கால் சுவடு பழகிய இடத்தில், மாலையில் தோள் பிசகியவர் எண்ணெய் தடவிக்கொள்ள உட்கார்ந்திருப்பார். இவரைப் போய் 'கோச்' என்று எழுதினால் பாதி ஆள் காணாமல் போகிறார்.

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில், தாலிம் எனப்படும் பயிற்சிக்கூடங்களில் மல்யுத்தம் கற்பிப்பவர் வஸ்தாத், அதாவது ஆசிரியரைக் குறிக்கும் உஸ்தாத் என்ற சொல்லின் மராத்தி வடிவம். பயில்வான் என்பது களத்தில் மோதுபவரைக் குறிக்கும் சொல். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். மணிப்பூரின் தற்காப்புக் கலையான தாங்-தாவில் ஆசிரியர் ஓஜா. வடக்கே அதே ஒலியில் குடும்பப் பெயர் இருப்பதால், இதையும் பெயரின் பாதி என்று எண்ணிவிடுகிறோம்.

சென்சேய் ஜப்பானுக்கும் சிஃபு சீனாவுக்கும் உரியவை. சிலம்பத்துக்கு எதற்கு?

மாஸ்டர் மட்டும் கொஞ்சம் சிக்கல். டீக்கடை முதல் சண்டைக்காட்சி வரை எல்லா இடத்திலும் புழங்குகிற சொல், மாணவர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் சரி, விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் மூத்த மாணவரிடம் கேளுங்கள். ஆசானிடமே கேட்டால், "எப்படி வேணும்னாலும் போடுங்க தம்பி" என்றுதான் பதில் வரும்.