பழைய டிரெய்லரைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் கடப்பாரையைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவில் 1950, 60களில் வந்த, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய்த் தங்குகிற சின்ன வீட்டு டிரெய்லர்களை, அதிலும் பக்கவாட்டில் பார்த்தால் இறைச்சி டின் மாதிரி உருண்டிருக்கும் 'கேன்ட் ஹாம்' ரகத்தை வாங்குகிற பலர் முதல் வாரமே செய்கிற வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் பிய்த்து எறிவது. பெரிய தவறு அதுதான். அந்த வண்டியின் மூல வடிவம் எப்படி இருந்தது என்பதற்கான நம்பகமான சாட்சி அந்த வண்டியேதான், அதைக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் இணையத்தில் படம் தேடி என்ன பயன்?

இவற்றை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். தரை, அதன்மேல் அலமாரி, தடுப்பு, பிளைவுட் சுவர், பிறகு மெல்லிய மரச்சட்டம், கடைசியாக அலுமினியத் தகடு. அலமாரிகளைப் பிடித்திருக்கும் ஆணியும் திருகும் பெரும்பாலும் வெளிப்பக்கமிருந்து அடித்தவை, அதனால் உள்ளே நின்று நெம்பினால் பிர்ச் பிளைவுட் கிழியுமே தவிர அலமாரி வராது. தகட்டைக் கழற்றி வெளியிலிருந்து போக வேண்டும். இன்னொன்று, சுவர்களை நிற்க வைப்பதே அந்த அலமாரிகள்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் கூடு ஆட ஆரம்பித்துவிடும், பிறகு பழைய வளைவு திரும்பவே திரும்பாது. ஒரு பக்கம் பிரித்து, சரிசெய்து, மறுபக்கம் போங்கள். உளுத்துப்போன சட்டத்தையும் எறிய வேண்டாம், புதுசு வெட்ட அதுதான் அளவு.

உள்சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தேன்நிறம் பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு மெருகு. மறைவான ஒரு மூலையில் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் ஷெல்லாக்தான். பழைய பூச்சு ஆல்கஹாலில் கரைவதால் சுரண்டாமலே அதன்மேல் புதுசு பூசலாம். பெயின்ட் அடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அப்புறம் ஆராய்ச்சி. பதிவுப் பத்திரத்தில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள், அது பல நேரம் விற்ற ஆண்டாகவோ பதிந்த ஆண்டாகவோ இருக்கும். இழுவைச் சட்டத்தில் குத்திய எண், அடுப்பின் தகடு, ஜன்னல் சட்டத்தில் உள்ள ஹேர் (Hehr) போன்ற ஜன்னல் தயாரிப்பாளரின் முத்திரை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்விளக்கைக் கழற்றினால் அதன் அடியில் வெயில் படாத முதல் நிறம் தெரியும். பின்பக்கம் இறக்கை ஒட்டியதெல்லாம் அந்த இறக்கைக்குப் பேர்போன ஷாஸ்டா கம்பெனி வண்டி அல்ல, நகல் இறக்கை யாரும் வாங்கி ஒட்டலாம். 1961 ஷாஸ்டா ஏர்ஃப்ளைட் மாடலின் மறுபதிப்பு 2015இல் வந்தது, பார்க்க அச்சு அசலாக இருக்கும். அதன் படத்தை அசல் என்று நினைத்து அலமாரிக் கைப்பிடி தேடி அலைகிறவர்கள் உண்டு. விளம்பரமும் கையேடும் வேண்டுமென்றால் இந்தியானா மாநிலம் எல்கார்ட்டில் இருக்கும் ஆர்வி/எம்எச் ஹால் ஆஃப் ஃபேம் என்ற டிரெய்லர், வீட்டு வண்டி அருங்காட்சியகத்தின் நூலகத்தைக் கேட்கலாம், பழைய தொழில் இதழ்கள் அங்கே இருக்கின்றன.

நீர்க்கசிவுக்கு சிலிகான் பசை அப்புவது அடுத்த வினை. காய்ந்த சிலிகான்மேல் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிகான்கூட சரியாக ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. தண்ணீர் அதன் பின்னால் நுழைந்து மரத்தை உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். மூலை விளிம்புப் பட்டையை முழுதாகக் கழற்றி, இடுக்கில் இருக்கும் பழைய அடைப்புப் பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்துத் திருகுங்கள். வெயிலில் அது கொஞ்சம் பிதுங்கும், சில நாள் விட்டு பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிடலாம். தகடுகளை மாட்டும்போது கீழிருந்து மேலே போங்கள், மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் படிய வேண்டும், கூரை கடைசி.

கூரைமேல் ஏசி வேண்டவே வேண்டாம், அந்த மெல்லிய சட்டம் அந்த எடைக்குச் செய்ததல்ல. பழைய பெயின்ட்டை மாஸ்க் இல்லாமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். எரிவாயுக் குழாயை அழுத்தச் சோதனை செய்யாமல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். டயரின் வரிப்பள்ளம் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாமல் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000க்கு முந்தைய டயர், வீட்டுக்குக்கூட அதில் இழுத்து வராதீர்கள்.