மரம் இழுத்த இயந்திரங்களும் அவற்றை ஓட்டியவர்களும்: திருகோணமலையில் பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

இலங்கையின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பது 1990 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அன்று இருபது வயதில் லொறியில் கட்டை ஏற்றியவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். 1960களில் உழவு இயந்திரத்தில் சங்கிலி பூட்டி முதிரை, பாலை மரக் கட்டைகளை இழுத்து வந்தவர்கள் எண்பதை எட்டியிருப்பார்கள். திருகோணமலை மாவட்டத்தில் இவர்களுடைய நினைவுகளையும் இவர்கள் கையாண்ட இயந்திரங்களில் எஞ்சியிருப்பவற்றையும் பதிவு செய்ய விரும்பும் ஆசிரியர்கள், மாணவர்கள், குடும்பத்தினர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. பெரிய செலவு தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசி, அளவு நாடா, டோர்ச் லைட், கொப்பி, பென்சில் ஆகியவை போதும்.

முதலில் ஒரு விதி. இயந்திரத்தையும் மனிதரையும் தனித்தனியாகப் பதிவு செய்யாதீர்கள். ஓட்டியவரின் வாக்குமூலம் இல்லாத இயந்திரத்தைப் பற்றி அதன் இலக்கத் தகட்டுக்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத பேச்சோ ‘அந்தக் காலத்தில் எல்லாம் கஷ்டம்தான்’ என்ற பொதுவான வார்த்தைகளில் கரைந்துபோகும். முடிந்தால் பெரியவரை இயந்திரம் நிற்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் அதன் ஒளிப்படத்தையோ, மரம் அரியும் வாளின் பல் தீட்டிய ஒரு பழைய அரத்தையோ, சங்கிலிக் கொக்கியையோ அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வாய் மறந்ததைக் கை பல வேளைகளில் காட்டிக் கொடுக்கும்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் விடயம் தெரிந்தவரிடம் பெரியவர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். ஹல்மில்ல மரம் ஆங்கிலேய வணிகரிடையே ‘திருகோணமலை மரம்’ என்றே வழங்கியது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் அம்மரத்தால் கட்டப்பட்டன. பாலை ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளுக்குப் போனது. முதிரையும் கருங்காலியும் தளபாடங்களுக்குப் போயின. ரயில் பாதை திருகோணமலையை 1927 இல் வந்தடைந்தது. அரச மரக் கூட்டுத்தாபனம் 1968 இல் அமைக்கப்பட்டது. பாலையும் கருங்காலியும் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானவை என்பதையும் நினைவில் வையுங்கள்: மகாவலியில் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவந்ததாக யாராவது சொன்னால், எந்த மரத்தை, எதனுடன் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்க அது உதவும்.

இயந்திரங்களைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. வனப்பகுதிக்குள் நுழைய வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், யானைகள் நடமாடும், போர் நடந்த பகுதிகளில் வெடிக்காத பொருட்கள் பற்றிய அச்சம் இன்னும் முழுமையாக நீங்கவில்லை. தேட வேண்டிய இடங்கள் ஊருக்குள்ளேயே உள்ளன: மரக்காலைகளின் பின்வளவு, நெல் ஆலைகளின் பழைய இயந்திர அறை, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்வீடுகளின் கொட்டில், வாகனத் திருத்தகங்களின் மூலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய இரும்பு வாங்குபவரின் முற்றம். பழைய இரும்பு வியாபாரியை எதிரியாக நினைக்க வேண்டாம். எந்த ஊரில் எந்த இயந்திரம் எப்போது வெட்டி விற்கப்பட்டது என்பதை அவரைப் போலத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

இயந்திரத்தைக் கண்டதும் அதை இயக்கிப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்குங்கள். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் இறுகியிருக்கும். பெரிய சில்லைக் கையால் சுழற்றினால் கை முறியலாம். பழைய பிரேக் லைனிங்குகளிலும் கேஸ்கெட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் அங்குள்ள தூசியை ஊதவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. வர்ணம் பூசி ‘புதுப்பித்து’ வைப்பதும் ஒரு வகை அழிவுதான்: எந்த இடத்தில் சங்கிலி உரசியது, எந்த இடத்தை யார் பற்றவைத்துத் திருத்தினார் என்பவை எல்லாம் வர்ணத்தின் கீழ் மறைந்துவிடும்.

இலக்கத் தகட்டை வாசிப்பது பொறுமை வேண்டும் வேலை. கம்பித் தூரிகையால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் அழுக்கை ஊறவைத்து, கூராக்கிய மரக் குச்சியால் எழுத்துக்களின் பள்ளங்களை மட்டும் துடைத்தெடுங்கள். பிறகு டோர்ச் லைட்டை நேராகப் பிடிக்காமல் தகட்டின் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத இலக்கங்கள் நிழலோடு எழுந்து தெரியும். அப்போதும் வாசிக்க முடியாவிட்டால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: இரும்பை வார்க்கும்போதே புடைப்பாக அமைந்த இலக்கம் அந்தப் பாகத்தின் இலக்கமே தவிர, அந்த இயந்திரத்தின் தொடரிலக்கம் அல்ல. தொடரிலக்கம் தகட்டில் அச்சிடப்பட்டோ, உலோகத்தில் அடித்துப் பதிக்கப்பட்டோ இருக்கும். இரண்டையும் படம் பிடியுங்கள், ஆனால் குறிப்பில் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியும்படி வையுங்கள்.

தகடும் பேச்சும் ஒன்றையொன்று எப்படிச் சோதிக்கும் என்பதற்குச் சாம்பல் நிறப் பேர்குசன் உழவு இயந்திரம் நல்ல உதாரணம். இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட டி.ஈ. 20 வகையில் எரிபொருளுக்கு ஏற்பப் பல மாதிரிகள் இருந்தன: டி.ஈ.ஏ. 20 பெற்றோலில் ஓடியது, டி.ஈ.டி. 20 மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடியது, டி.ஈ.எப். 20 டீசலில் ஓடியது. ‘காலையில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவம்’ என்று ஓட்டுநர் சொன்னால், அவர் டி.ஈ.டி. மாதிரியைத்தான் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். தகட்டில் டி.ஈ.எப். என்று இருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள். அவர் வேறொரு இயந்திரத்தை நினைவுகூரலாம், அல்லது எஞ்சின் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். அந்த வேறுபாட்டைத் தொட்டுக் கேட்கும் கேள்வியிலிருந்துதான் சுவையான கதைகள் வெளிவரும். நீல நிறப் போர்ட்சன் மேஜர் இயந்திரங்களுக்கும், 1957 இல் வந்த மெசி பேர்குசன் 35 க்கும் இதே முறை பொருந்தும்.

மரம் அரியும் வாளைச் சுழற்றிய, ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய எஞ்சின்களில் இங்கு அதிகம் கேள்விப்படும் பெயர் லிஸ்டர். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் அது. ஐந்து குதிரைவலு மாதிரி நிமிடத்துக்கு 600 சுற்று மட்டுமே சுற்றும். அதன் தயாரிப்பு நின்ற பின்னும் குஜராத்தின் ராஜ்கோட்டில் அதே அமைப்பில் எஞ்சின்கள் வார்க்கப்பட்டதால், தோற்றத்தை மட்டும் பார்த்து ‘லிஸ்டர்’ என்று எழுதிவிடாமல் தகட்டைப் பாருங்கள். இதை இயக்கியவரிடம் அதைத் தொடக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், உண்மையான எஞ்சினில் அல்ல, வெறுங்கையில். சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் சிறு நெம்பை ஒரு கை தூக்கிப் பிடிக்கும். மறு கை கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பெரிய சில்லுகளுக்கு வேகம் ஏற்றும். வேகம் போதுமென்று காது சொல்லும் கணத்தில் நெம்பு விழும், கைப்பிடியிலிருந்து கை விலகும். பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் பெருவிரல் தப்புவதற்காகப் பழகிய பிடி அது. இதைக் காணொளியாக எடுங்கள், எழுத்தில் வராது.

இனிப் பேச்சுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகத்தவரும் மரத் தொழிலில் இருந்திருக்கிறார்கள், ஆகவே அழைக்கும் முறையில் கவனம் தேவை. கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் பெரியவரைக் ‘காக்கா’ என்றோ, வயது மிகுந்தவரானால் ‘வாப்பா’ என்றோ அழைப்பது அவருக்கு இயல்பாக இருக்கும். தமிழ்ப் பெரியவரை ‘ஐயா’, ‘அண்ணை’ என்று வயதறிந்து அழையுங்கள். சிங்களத்தில் மட்டும் பேசுபவராயின், மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பாதி புரிந்த பேச்சைப் பதிவு செய்வதில் பயனில்லை. வீட்டுப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் தங்கிய கொட்டிலான வாடியில் சமைத்தவர், கணக்குக் கொப்பி எழுதியவர், கணவர் திரும்பிவராத இரவை எண்ணியிருந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்த பகுதி வேறு.

வாளின் இரைச்சலிலும் எஞ்சின் இரைச்சலிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் காது மந்தமாகியிருக்கும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள், கத்தாமல் மெதுவாகப் பேசுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று ஒலிப்பதிவைக் கெடுத்துவிடும். அந்நாட்களில் முற்றத்தில் அல்லாமல் அறைக்குள் பதிவு செய்யுங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஐப்பசிக்குப் பின் மழை தொடங்கிவிடும் என்பதால் இயந்திரங்களைப் படம் பிடிக்கும் வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்பது மோசமான கேள்வி. ‘காலையில் முதலில் எதைத் தொடுவீர்கள்?’, ‘வாளுக்குப் பல் தீட்டியது யார்?’, ‘கம்பி வடம் அறுந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?’, ‘முதிரைத் தூள் பட்டால் உடம்பு கடிக்குமா?’ என்று கேளுங்கள். முதிரையின் மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அதை அனுபவித்தவர் உடனே கையைச் சொறிந்துகொண்டே பேசத் தொடங்குவார்.

கூலியைப் பற்றிக் கேட்கும்போது அளவு முறையையும் கேளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பிழைத்துவிடும். ஆங்கிலேயர் ஆட்சியில் பரவிய ஹொப்பஸ் முறையில் கட்டையின் நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டையில் கால்சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஓரடி. எனவே அது 10 ஹொப்பஸ் அடி. உண்மையான கன அளவு ஏறத்தாழ 12.7 கன அடி. அரியும்போது வீணாகும் மரத்துக்கு இந்த வேறுபாடு ஈடு என்பது வழமையான விளக்கம். ஆனால் கட்டைக்கணக்கில் கூலி வாங்கியவர் அதை எப்படிப் பார்த்தார் என்று அவரிடமே கேளுங்கள். சூடான பதில் வரும்.

ஆண்டுகளை நேராகக் கேட்டால் பெரும்பாலும் தவறான எண்தான் கிடைக்கும். நிகழ்ச்சிகளைக் கொண்டு கேளுங்கள்: 1957 இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்ததற்கு முன்னா, பின்னா? 1964 டிசம்பர்ச் சூறாவளிக்கு முன்னா? 1978 சூறாவளிக்குப் பின்னா? 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்தபோது அந்த லொறி இருந்ததா? இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒரு செய்தியை நிறுத்திவிட்டால் போதும். அதற்கு மேல் துல்லியம் தேடி அவரைச் சோர்வடையச் செய்ய வேண்டாம்.

இந்தக் கதைகள் பலவற்றில் ஒரு கட்டத்தில் போர் குறுக்கிடும். உழவு இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடியவர், லொறியோடு உறவினரையும் இழந்தவர் என்று பலர் இருப்பார்கள். அவர் அந்த இடத்தில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், ஒலிப்பதிவையும் நிறுத்துங்கள். அனுமதியின்றித் தறித்த மரத்தைப் பற்றி அவர் சொன்னாலும் அதே கவனம் வேண்டும்: ஆளின் பெயரும் இடமும் வெளியே போகாதபடி அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி வையுங்கள். பேசத் தொடங்கும் முன் சம்மதம் பெற்றிருந்தாலும், முடிந்த பின், ‘இதில் எதை வெளியிடக் கூடாது?’ என்று மறுபடி கேளுங்கள். இரண்டாவது பதில்தான் உண்மையான சம்மதம்.

வீட்டுக்கு வந்த அன்றே கோப்புகளுக்குத் தேதி, ஊர், இயந்திரத்தின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுங்கள். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எழுத்துப்படி எடுக்கும்போது அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். நாட்டுப்புறப் பேச்சைத் திருத்தி எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தையும் அணுகி, அவர்கள் எந்த வடிவத்தில் ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன், குடும்பத்துக்கு உரிய பிரதியை அவர்களால் போட்டுப் பார்க்கக்கூடிய வடிவில், பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு அனுப்பக்கூடிய சிறு கோப்பாக, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் சுற்றியிருந்து கேட்கும்போது, முதல் நாள் சொல்லாமல் விட்டதைப் பெரியவர் சொல்லத் தொடங்குவார். ஆகவே அன்றைக்கும் கொப்பியைக் கையில் வைத்திருங்கள்.