தட்டையடி வள்ளத்தில் பொல்கொட வாவிக்குப் போகுமுன்

கரையில் கட்டிக் கிடக்கும் தட்டையடி வள்ளத்தில் ஏறி நின்று பாருங்கள், தரையில் நிற்பது போலவே இருக்கும். புதியவர்களை ஏமாற்றுவது இந்த உறுதிதான். கொழும்பின் பேர வாவியில் கரை எப்போதும் கிட்டத்தான் இருக்கும். கொழும்புக்குத் தெற்கே உள்ள பொல்கொட வாவி அப்படியல்ல. அங்கே காற்றுக்கு நீண்ட வெளி கிடைக்கிறது. தடையில்லாமல் எவ்வளவு தூரம் வீசுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். தட்டையடி வள்ளம் சிறிது சாயும்வரை நன்றாகத் தாங்கும், ஆனால் தாழ்ந்த விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டால் நிமிர அவகாசமே தராது.

கரையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் பின்பலகையைப் பாருங்கள். அடியோடு ஒட்டி ஒரு சின்னத் துளை இருக்கும், மழைத்தண்ணீர் வடியவிட வைத்தது. அதன் தக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

அடுத்து லைஃப் ஜாக்கெட். வார்களை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கட்டும். நாடிக்கு மேல் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே கட்டும் வார் உள்ளதையே எடுங்கள். நீந்தத் தெரிந்தவரும் போடத்தான் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சரி, இப்போது எல்லோரும் ஏறி உட்காருங்கள். நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை கையால் அளந்து பாருங்கள். ஒரு சாணுக்குக் குறைந்தால் ஒருவர் இறங்க வேண்டும். சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பாரம் நடுவில், தாழ்வாக இருக்கட்டும்.

தண்ணீர் அள்ள வாய் வெட்டிய 5 லீற்றர் போத்தலொன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். தட்டையடியில் தேங்கும் தண்ணீர் சாயும் பக்கமாகவே ஓடும். 20 லீற்றர் என்றால் 20 கிலோ பாரம் ஒரே தடவையில் பக்கம் மாறுகிறது. அதனால் கொஞ்சம் சேர்ந்தவுடனேயே அள்ளிவிடுங்கள்.

நேரமும் காற்றும்

காலையில் போய் மதியத்துக்குமுன் திரும்புங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை கொழும்புப் பக்கம் வழக்கமானது. இடி கேட்டாலே கரைக்கு வந்துவிட வேண்டும், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவரும். அலைகளின் தலை வெள்ளை நுரையாக உடையத் தொடங்கினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

அலை வந்தால்

அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, முன்பக்கம் அலையைச் சற்றே சாய்வாகச் சந்திக்கும்படி திருப்புங்கள். நேராக மோதினால் தட்டை மூக்கு அறைந்து தண்ணீரை உள்ளே அள்ளும். முன்னால் இருப்பவர் நடுவுக்கு நகரட்டும், எழுந்து நடக்காமல் இருந்தபடியே.

இஞ்சின் உள்ள வள்ளமென்றால் இன்னொன்று. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சடாரென்று குறைத்தால், வள்ளம் எழுப்பிய அலையே பின்னால் வந்து பின்பலகை மேல் ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். அவர் விழுந்தால் இஞ்சினும் நின்றுவிடும்.

நங்கூரத்தை முன்பக்கத்தில் மட்டுமே கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் கயிறு அந்தப் பக்கத்தை இழுத்துத் தாழ்த்த, அலை நேரே உள்ளே வரும்.

கவிழ்ந்துவிட்டால்

வள்ளத்தை விட்டு நீந்தாதீர்கள். கரை கிட்டத் தெரியும், ஆனால் பார்வைக்குத் தெரிவதைவிடத் தூரமாகவே இருக்கும். கவிழ்ந்த வள்ளமும் பெரும்பாலும் மிதக்கும், தேடி வருபவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருங்கள்.

தனியாக ஒருவர் விழுந்தால் இஞ்சினை அணைத்துவிட்டு, அவரைப் பின்பக்கமாக ஏற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மற்றவர்களும் சேர்ந்து விழுவார்கள். இதை இடுப்பளவு தண்ணீரில் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. பொல்கொடவில் முதலைகள் உண்டு, ஆகவே எந்தக் கரையில் இறங்கலாம் என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.