ரோமானிய வில்லாக்களின் சுவரோவியங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறையை மறந்துவிட்டு ஓவியத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில், பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வில்லாவில் (ஊருக்கு வெளியே இருந்த மாளிகையில்) 1863இல் ஓர் அறை வெளிப்பட்டது. அது பாதி நிலத்துக்குள் இறங்கியிருந்த அறை. நான்கு சுவர்களிலும் இடைவெளியே இல்லாமல் ஒரே தோட்டம். இணையத்தில் பெரும்பாலும் அதிலிருந்து ஒரு மாதுளை மரத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். அறைக்குள் நிற்பவருக்குத் தெரிவதோ வேறு. முதலில் பின்னிய வேலி, பிறகு நடைபாதை, அதற்கப்பால் இடுப்புயரக் கல்சுவர், அதன் பின்னால் மரங்கள். அருகிலுள்ள இலைகள் ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. தொலைவு போகப் போக அவை நீலப்பச்சைப் புகையாகக் கரைகின்றன. வெவ்வேறு பருவத்துப் பூவும் கனியும் ஒரே நேரத்தில் குலுங்குகின்றன. கல்சுவர் மீது கூண்டுக்குள் ஒரு பறவை. சுற்றிலும் மற்றப் பறவைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. கோடை வெயிலிலிருந்து படியிறங்கி வந்து விருந்துண்ண அமர்பவருக்காகத் தீட்டிய குளிர்ச்சி இது. இன்று அந்தச் சுவர்கள் ரோம் நகரின் பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்தில், நான்கும் சேர்ந்து ஒரே அறையாகவே நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்து வில்லாக்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் மன்னருக்காகத் தோண்டியவர்கள், சுவரின் நடுவிலிருந்த உருவங்களை அறுத்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பூப்பறித்தபடி நமக்கு முதுகு காட்டி நடக்கும் மலர்த் தெய்வம் புளோராவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டாபியேயில் உள்ள ஒரு வில்லாவிலிருந்து வந்தவள் அவள். சுவரொட்டிகளில் ஆள் உயரம் நிற்கும் அந்த ஓவியத்தின் உண்மையான உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. பரந்த சுவரின் நடுவே மிதந்த சிறு உருவம் அது. அந்த வெறும் பரப்பும் ஓவியனின் வேலைதான்.

அடுத்தது நிறம். வெசூவியஸ் வெடிப்பில் புதைந்த பாம்பேய் நகரம் என்றாலே சிவப்பு என்று எழுதிவிடுகிறோம். மஞ்சள் காவியைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் நீங்கிச் செங்காவியாகிவிடும். கி.பி. 79இல் எரிமலை கக்கிய வெப்பம் இதைப் பல சுவர்களில் செய்துவிட்டது. இன்று நாம் காணும் சிவப்பில் ஒரு பகுதி, அதற்கு முன்பு மஞ்சளாக இருந்தது.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். சிவப்பிலேயே விலை மிகுந்தது சாதிலிங்கம். ஸ்பெயினிலிருந்து வந்த அது வெயில் பட்டால் கறுத்துவிடும். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். பேபெரியஸ் என்ற எழுத்தர் அவென்டைன் குன்றிலிருந்த தன் வீட்டின் திறந்த முற்றத்துச் சுவர்களுக்குச் சாதிலிங்கம் பூசினார். முப்பதே நாளில் சுவர் திட்டுத்திட்டாக அலங்கோலமாகிவிட, வேறு நிறம் பூச ஆள் அமர்த்த வேண்டியதாயிற்று. இதற்கு மருந்தும் விட்ருவியஸ் சொல்கிறார்: சுவர் உலர்ந்ததும், எண்ணெய் சிறிது கலந்து உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவி, கரி நெருப்பைச் சட்டியில் வைத்து அருகே காட்டி, பிறகு தூய துணியால் தேய்க்க வேண்டும். ஆகவே ஒரு சுவர் கறுத்திருந்தால், அது தொடக்கத்திலேயே கறுப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்களிலும் கவனம் தேவை. பாம்பேயின் வெட்டி வீடு எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் வில்லா அல்ல. ஊருக்குள் இருக்கும் வீடு. வில்லா என்பது ஊருக்கு வெளியே, பெரும்பாலும் நிலபுலன்களோடு இருப்பது. பாம்பேய்க்கு வெளியே உள்ள மர்மங்களின் வில்லாவில் அந்தப் புகழ்பெற்ற செந்நிற அறையோடு திராட்சை பிழியும் ஆலையும் இருந்தது. ‘மர்மங்கள்’ என்பதும் இக்காலத்தவர் சூட்டிய பெயரே. மதுக் கடவுள் டயோனிசஸ் வழிபாட்டின் தீட்சைக் காட்சி என்ற விளக்கத்திலிருந்து அது பிறந்தது; திருமணச் சடங்கு என்று படிப்பவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் முடிந்த முடிவாக எழுதாதீர்கள்.

காலத்தையும் 79 என்று ஒரேயடியாகப் போட்டுவிட முடியாது. எரிமலை வெடித்தபோது மர்மங்களின் வில்லாவின் அந்த அறையின் ஓவியங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயதாகியிருந்தது. 1882இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஆகஸ்ட் மாவ் வகுத்த நான்கு சுவரோவியப் பாணிகள் இங்கே உதவும். ஆனால் அவை பாம்பேய்ச் சுவர்களைக் கொண்டு வகுத்தவை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சிசிலியின் காசாலே வில்லாவுக்கு அவை பொருந்தாது. அங்கே உடற்பயிற்சி செய்யும் பெண்கள் இருப்பதும் தரையில்தான். அவர்கள் கல் பதித்த மொசைக்.

கடைசியாக, அழகான சுவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. நீரோவின் மனைவி போப்பேயாவுக்கு உரியதாகக் கருதப்படும், பாம்பேய்க்கு அருகிலுள்ள ஒப்லோன்டிஸ் வில்லாவில் எல்லோரும் மயிலையும் கண்ணாடிக் கிண்ணத்துப் பழங்களையும் தேடி விரைகிறார்கள். வழியில் சில நடைக்கூடங்களின் சுவர்களில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த கோடுகள் மட்டும் இருக்கும், வரிக்குதிரையின் உடலைப் போல. உருவமில்லை, தோட்டமில்லை. அவை அடிமைகள் நடமாடிய பகுதிகள். அந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து நடந்தால், மயில் இருக்கும் அறைக்கு உணவு எந்த வழியாக வந்தது என்று தெரியும்.