சாய ஆலையின் ரசாயனக் கிடங்கை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கிடங்கில் எதன் பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பார்த்தே ஒரு சாய ஆலையின் பாதுகாப்பைச் சொல்லிவிடலாம். எனவே கையுறையும் முகக்கவசமும் வாங்கும் முன்பே, ஒவ்வொரு ரசாயனத்துக்குமான பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதன் 16 பகுதிகளில், சேமிப்பு முறையைக் கூறும் 7ஆம் பகுதியும், எதனுடன் சேர்ந்தால் ஆபத்து என்பதைக் கூறும் 10ஆம் பகுதியும் கிடங்கு அமைப்பதற்கு முதலில் படிக்க வேண்டியவை.

வெளுப்புக்கான சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் அசிட்டிக் அமிலத்தையும் ஒரே வடிகாலுக்குச் சரியும் தரையில் வைக்கக் கூடாது. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு தரையோடு படர்வதால், குனிந்து வேலை செய்பவரே முதலில் சிக்குவார். தனித்தனி அறை இல்லாவிட்டால், இடையே ஒரு சுவரும் தனித்தனிக் கசிவுத் தொட்டிகளுமாவது வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஹைட்ரோஸ், அதாவது சாயமிடுவதில் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள். சிறிதளவு ஈரம் பட்டாலும் அது உள்ளுக்குள் சூடேறிக் கந்தக டை ஆக்சைடை வெளிவிடும். தானாகவே தீப்பற்றவும் கூடும். டிரம்மைப் பலகைமேல் ஏற்றி, உள்ளிருக்கும் பாலித்தீன் பையின் வாயை ஒவ்வொரு முறையும் கட்டி, மூடியை இறுக்க வேண்டும். எடை போடும் இடத்தில் ஒரே பிளாஸ்டிக் மக்கைக் கழுவி, இரண்டு உதறு உதறி, அடுத்த டிரம்முக்குள் விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கைப்பிடிக்குள் தங்கும் நீர் வெளியே தெரிவதில்லை. ஹைட்ரோஸுக்கென்று காய்ந்த, தனி மக் ஒன்றை ஒதுக்கி, டிரம்மின் எண்ணையே அதிலும் எழுதிவிட வேண்டும். புகையும் டிரம்மில் ஒரு வாளி நீரை ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும் என்பதால், ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

ஹைட்ரஜன் பெராக்சைடை நிழலில், காற்றுத் துளையுள்ள மூடியோடு வைக்க வேண்டும். மீந்ததைத் திரும்ப டிரம்மில் ஊற்றக் கூடாது. காஸ்டிக் சோடாவை நீரில்தான் சிறிது சிறிதாக இட வேண்டும், அதன்மேல் நீரை ஊற்றக் கூடாது. குடிநீர்ப் புட்டியில் எந்த ரசாயனத்தையும் நிரப்பக் கூடாது.

கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவ வேண்டியிருப்பதால், கண் கழுவும் குழாய் சில எட்டுகளில் அடையும் தூரத்தில் இருக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அதற்கு இணைப்பு கொடுத்திருந்தால், சித்திரை வெயிலில் நண்பகல் வேளையில் ஒருமுறை திறந்து கைவைத்துப் பாருங்கள். கை தாங்காத சூட்டில் நீர் வந்தால், இணைப்பை நிழலிலுள்ள வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.