இதய வடிவ பட்டர் பிஸ்கட்: நம்ம ஊர் வெயிலில் உருகாமல் சுடுவது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அக்கா, பிப்ரவரி 14 வருது. அவங்களுக்குக் கடையில வாங்காம கையால எதாச்சும் செஞ்சு குடுக்கணும். எனக்கு முட்டை பொரிக்கத்தான் தெரியும்." நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே உட்கார வைத்து எழுதிக் கொடுத்ததுதான் இது. ஓவனைத் தொட்டே பார்க்காதவர்களும் செய்யலாம்.

செய்யப் போவது நடுவில் அன்னாசி ஜாம் வைத்த பட்டர் பிஸ்கட். இந்த வகை மாவை ஷார்ட்கிரஸ்ட் என்பார்கள். வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டும். தீபாவளிக்கு நாம் சுடும் நெய் பிஸ்கட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய் பிஸ்கட்டை உருட்டி வைத்தால் வேலை முடிந்தது. இதைத் தேய்த்து வெட்ட வேண்டும், அங்கேதான் வெயில் வம்பு செய்யும்.

எனக்கு அது பட்டுத்தான் தெரிந்தது. கல்யாணமான முதல் வருடம், திருமண நாளுக்கு அவருக்குத் தெரியாமல் சுட்டு வைக்கலாம் என்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கினேன். அவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, ஏழு மணிக்குத்தான் வருவார். அப்போது எங்கள் சமையலறைக்குத் தகரக் கூரை. மாவு கையிலேயே எண்ணெய் விட்டது, வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ 20 இதயங்களைத் தட்டில் அடுக்கி உள்ளே வைத்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தகடாகக் கிடந்தது. அழுதுவிட்டேன். அவர் வந்து அதை உடைத்து உடைத்து, தே ஓவில் (பால் சேர்க்காத தேநீரில்) தோய்த்து முழுவதையும் சாப்பிட்டார்.

காரணம் எளிது. பட்டர் 20 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். நம் மத்தியான வெயிலே 32, 33 டிகிரி. அதனால் விடியற்காலையிலோ ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகோ தொடங்குங்கள். இந்தப் பிஸ்கட்டில் பாதி வேலையை ஐஸ்பெட்டிதான் செய்கிறது.

தேவையானவை: உப்பில்லாத பட்டர் 125 கிராம் (250 கிராம் கட்டியில் சரிபாதி), கோதுமை மாவு 190 கிராம், ஐசிங் சீனி 60 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, வெனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. தராசு இல்லாவிட்டால் மாவு ஒன்றரைக் கப், சீனி அரைக் கப். இதில் 24 இதயங்கள் வரும், ஜோடி சேர்த்தால் 12 பிஸ்கட்.

கோதுமை மாவு என்று நான் சொல்வது கேக் சுடுகிற வெள்ளை மாவு, தமிழ்நாட்டில் மைதா என்பார்களே அதுதான். ஆட்டா மாவு வேண்டாம். சூப்பர்ஃபைன் என்று போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் புரதம் குறைவு. பட்டருக்குப் பதில் மார்ஜரின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், வெயிலைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். ஆனால் அந்த மணம் வராது. வருடத்தில் ஒருநாள் செய்கிறீர்கள், பட்டரே வாங்குங்கள். பெரிய மணியான கரட்டுச் சீனியும் வேண்டாம், சூட்டில் கரைந்து பிஸ்கட்டைப் பரப்பிவிடும். முட்டை சாப்பிடாதவர் என்றால் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால்.

சரி, வேலைக்கு வருவோம்.

பட்டரைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துண்டு போட்டு, 20 நிமிடம் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். மாவு, சீனி, உப்பு மூன்றையும் சலித்து, அந்தப் பாத்திரத்தையும் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் பட்டரை மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிருங்கள். உள்ளங்கை படக்கூடாது, அங்கேதான் சூடு. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஒவ்வொரு துண்டையும் நசுக்கி நசுக்கி விட, மாவு மெல்ல வெளிர் மஞ்சளாக மாறும். புட்டுக்கு மாவு விரவுவோமே, அதே பதம்தான். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அங்கங்கே உளுந்து அளவு பட்டர் தெரிந்தால் பரவாயில்லை. கையில் பிசுபிசுப்பு தெரிந்தால் உடனே நிறுத்தி, பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

மஞ்சள் கருவையும் வெனிலாவையும் அடித்து ஊற்றி, ஒரு முள்கரண்டியால் கிளறுங்கள். கட்டி கட்டியாகச் சேரும்போது கையால் ஒன்றாக அணைத்துத் திரட்டுங்கள். பிசையாதீர்கள். தம்பி இந்த இடத்தில் சப்பாத்தி மாவு என்று நினைத்துக் கை முட்டியை மடக்கிவிட்டார், பிடித்து நிறுத்தினேன். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை அடித்துப் பிசைந்து ஊறவைப்பது அது ரப்பர் மாதிரி இழுபடுவதற்காக. மாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய அந்த இழுவை வரும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலில் பட்டரைத் தேய்த்தது மாவின் மேல் கொழுப்பு பூசி, ஈரம் உள்ளே போகாமல் தடுப்பதற்குத்தான். இப்போது பிசைந்தால் அந்தப் பாடெல்லாம் வீண், பிஸ்கட் கடிக்க முடியாமல் போகும்.

திரண்ட மாவை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, ஞெகிழித் தாளில் சுற்றி ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுவில் குளிர்ச்சி ஏறாது.

அந்த நேரத்தில் ஜாம் கிண்டலாம். நடுத்தர அன்னாசி ஒன்றைத் துருவி, சாற்றைப் பிழிந்துவிட்டு, 80 கிராம் சீனி, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு போட்டு மிதமான தீயில் கிண்டுங்கள். முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, ஜாம் திரும்பி ஓடிவராமல் நிற்க வேண்டும். பட்டையையும் கிராம்பையும் எடுத்துவிட்டு ஆறவிடுங்கள்.

இப்போது தேய்ப்பது. இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே மாவை வைத்து, சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். கனம் 4 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிய உயரம். மாவின் இரண்டு பக்கமும் அப்படி அடுக்கி வைத்து, கட்டையை அதன் மேல் உருட்டினால் எல்லா இடமும் ஒரே கனமாக வரும். தாளோடு 15 நிமிடம் மறுபடி ஐஸ்பெட்டி. இதய அச்சு இல்லையா? அட்டையை இரண்டாக மடித்துப் பாதி இதயம் வரைந்து வெட்டி விரியுங்கள். ஆறு சென்டிமீட்டர் அகலம் போதும். அதை மாவின் மேல் வைத்துக் கத்தி நுனியால் சுற்றி வெட்டலாம். தம்பி இப்படித்தான் வெட்டினார். இரண்டு மூன்று இதயம் ஒருபக்கம் சாய்ந்துதான் இருந்தது, எனக்கு அவைதான் ரொம்பப் பிடித்தது. பாதி இதயங்களுக்கு நடுவில் எசன்ஸ் பாட்டில் மூடியால் ஓட்டை போடுங்கள், ஜாம் தெரிவதற்கு. மிச்சமான துணுக்குகளை அழுத்திச் சேர்த்து இன்னொரு முறை தேய்க்கலாம். அதற்கு மேல் தேய்த்தால் கடினமாகிவிடும்.

இதயங்களைத் தாள் விரித்த தட்டில் அடுக்கி, தட்டோடு ஐஸ்பெட்டியில் வையுங்கள். அதே நேரத்தில் ஓவனை 170 டிகிரிக்குப் போட்டு 15 நிமிடம் சூடாக்குங்கள். மேசையில் வைக்கும் சின்ன ஓவன் என்றால் 160 போதும், அதில் கம்பி கிட்டத்திலேயே இருக்கும். நடுத்தட்டில் 12 முதல் 14 நிமிடம். எட்டு நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி விடுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமாகி, நடு வெளுத்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று பயம் வரும். பயப்படாதீர்கள். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் தானாக இறுகும், அதற்கு முன் தூக்கினால் உடையும். இரண்டாவது தடவை சுடும்போது சூடான தட்டில் மாவை வைக்காதீர்கள், வைத்த இடத்திலேயே பட்டர் உருகிவிடும்.

முழுதாக ஆறியதும் மைலோ டின்னில் போட்டு இறுக்கி மூடுங்கள். நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம், ஒரு ராத்திரி வெளியே கிடந்தாலே நமத்துவிடும். ஜாம் இல்லாமல் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். ஜாமைக் கொடுக்கிற நாளில் மட்டும் தடவுங்கள். முழு இதயத்தில் அரைத் தேக்கரண்டி, ஓட்டை போட்டதை மேலே வைத்து மெதுவாக ஒரு அழுத்து.

தம்பி ஆறு ஜோடியைப் பெட்டியில் அடுக்கினார். சாய்ந்த இதயங்களை ஒதுக்கப் போனவரிடம், அவற்றை மேலே வையுங்கள் என்றேன். கையால் வெட்டியது என்று அந்தப் பெண்ணுக்குப் பார்த்ததுமே தெரியட்டும். மீதி டின்னில் இருக்கிறது. ஏழு மணிக்கு அவர் ஆலையிலிருந்து வருவார், தே ஓவுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.