சார்ட் மெதுவாக ஓடினால் ஒப்பீட்டு ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள்

ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை அகராதி வரிசையில் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கித் தரும் சார்ட் ஃபங்ஷனை வெறுமனே போட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் இருக்கும் யூனிகோடு எண்ணின் வரிசைதான் கிடைக்கும். அதில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே இருக்கிறது, அதனால் 'மலர்' என்ற சொல்லுக்கு முன்னால் 'மனம்' வந்துவிடும். புள்ளியின் எண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது, அதனால் 'பக்கம்' என்பதற்கு முன்னால் 'பகல்' வரும். அகராதியில் இரண்டுமே நேர்மாறு. ஆகவே சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் பட்டியலை கீயாக, அதாவது சொல்லுக்குப் பதில் ஒப்பிடும் மதிப்பாக, வைத்து ஒப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் எழுதினேன். வரிசை சரியாக வந்தது, ஆனால் சில நூறு சொற்களுக்குப் பறந்த நிரல் ஒரு லட்சம் சொற்களில் திணறியது.

சார்ட்டில் தப்பில்லை. நான் எழுதியிருந்தது சார்ட்பை (நாம் கொடுக்கும் ஒப்பீட்டின்படி அடுக்குவது), கம்பேரிங் (இரண்டின் கீயையும் ஒப்பிடுவது), அப்புறம் சொல்லிலிருந்து கீயைக் கணக்கிடும் என்னுடைய கீ ஃபங்ஷன். ஹாஸ்கலின் சார்ட், அடுக்கிய துண்டுகளை இணைத்துக்கொண்டே போகும் மெர்ஜ் சார்ட் வகை. குலைந்து கிடக்கும் ஒரு லட்சம் சொற்களுக்குச் சுமார் 15, 16 லட்சம் ஒப்பீடுகள் நடக்கும், ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டு பக்கத்துக்கும் கீ கணக்கிடப்படும், ஆக ஒரு லட்சம் தடவை செய்தால் போதுமான வேலை 30 லட்சம் தடவை நடக்கிறது. 'ஹாஸ்கல் தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் சோம்பல் மதிப்பீட்டு மொழியாயிற்றே, ஒருமுறை கணக்கிட்டதை வைத்துக்கொள்ளாதா' என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். பெயர் கொடுத்துப் பிடித்து வைத்த மதிப்பைத்தான் அது வைத்துக்கொள்ளும். அதே ஃபங்ஷனை அதே சொல்லோடு மறுபடி அழைத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

இதற்கு சார்ட்ஆன் பயன்படுத்துங்கள். 2015-இல் ஹாஸ்கல் கம்பைலரான ஜிஹெச்சி 7.10 உடன் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் அதன் கீயோடு ஜோடியாக்கி, கீயை வைத்து அடுக்கி, கடைசியில் கீயைக் கழற்றிவிடும். பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் 1990-களிலிருந்தே ஷ்வார்ட்ஸியன் டிரான்ஸ்ஃபார்ம் என்று சொல்லி வரும் அதே உத்திதான். இதில் சோம்பல் மதிப்பீடு நமக்கு உதவவும் செய்கிறது: கீ ஒரு பட்டியலாக இருந்தால் ஒப்பிடத் தேவைப்பட்ட முன்பகுதி மட்டும் கணக்கிடப்படும், கணக்கிட்டது ஜோடியிலேயே தங்கும். பதிலுக்கு எல்லா கீயும் சார்ட் முடியும்வரை நினைவகத்தில் இருக்கும், பெரிய தரவு என்றால் அதையும் பாருங்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் சார்ட்ஆன் போடாதீர்கள். ஜோடியின் முதல் உறுப்பையோ ரெக்கார்டில் ஒரு ஃபீல்டையோ எடுப்பது மாதிரி சல்லிசான கீ என்றால், தலைக்கு ஒரு ஜோடி புதிதாக உருவாக்கும் செலவுதான் மிஞ்சும். அங்கே சார்ட்பையும் கம்பேரிங்கும்தான் சரி. சந்தேகம் இருந்தால் கீ ஃபங்ஷனுக்கு ஒரு காஸ்ட் சென்டர் (தனியாகக் கணக்கு வைக்கச் சொல்லும் குறி) வைத்து, செலவை அளக்கும் புரொஃபைலிங் போட்டு ஓட்டுங்கள். அறிக்கையில் 'என்ட்ரீஸ்' என்ற நெடுவரிசையில் அது எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று அப்படியே தெரியும்.

இன்னொன்று, ஹாஸ்கலில் சொந்த டைப்புக்கு ஆர்ட் இன்ஸ்டன்ஸ், அதாவது அதன் மதிப்புகளை எப்படி ஒப்பிடுவது என்ற விவரம், எழுதும்போது 'சிறியது அல்லது சமம்' மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஆனால் சார்ட் அழைப்பது சிறியதா சமமா பெரியதா என்று ஒரே விடையாகச் சொல்லும் கம்பேரைத்தான், தானாகக் கிடைக்கும் கம்பேர் முதலில் சமமா என்று பார்க்கும், இல்லையென்றால் சிறியதா என்று பார்க்கும், அதாவது ஒரே தரவின்மேல் இரண்டு நடை. கம்பேரையே எழுதுங்கள்.

ஓகேமல் என்ற இன்னொரு நிரல்மொழியில் சிக்கல் வேறு இடத்தில். அங்கே பொதுவான கம்பேர் எந்த டைப்புக்கும் வேலை செய்யும், ஆனால் டைப் என்னவென்று கம்பைலருக்குத் தெரியாத இடத்தில் அது ரன்டைமில் (நிரலோடு சேர்ந்து ஓடும் துணை நிரலில்) இருக்கும் சி மொழி ஃபங்ஷனை அழைத்து தரவின் அமைப்பையே பார்த்துப் பார்த்து ஒப்பிடும். முழு எண்கள் என்று டைப் குறித்துவிட்டாலோ, இன்ட் மாட்யூலின் கம்பேரை நேரடியாகக் கொடுத்தாலோ, அந்தச் சுற்று வழி போய்விடும். வேகத்துக்காக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அதையே ஒப்பீட்டின் விடையாக அனுப்பும் பழக்கம் வேண்டாம், மிகப் பெரிய எண்ணும் மிகப் பெரிய எதிர்ம எண்ணும் சந்தித்தால் விடை வரம்பு மீறி வரிசையே தப்பாகிவிடும். பட்டியல்களை நீளத்தால் அடுக்கும்போது ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டையும் கடைசிவரை எண்ணாதீர்கள். லிஸ்ட் மாட்யூலில் கம்பேர் லெங்க்த்ஸ் இருக்கிறது, குட்டையானது தீர்ந்ததுமே நின்றுவிடும். நீளங்கள் எல்லாம் பெரிதாக இருந்தால் நீளத்தை முன்கூட்டியே ஜோடியாக்கிக்கொள்வது மேல்.

முதல் பத்து மட்டும்தான் வேண்டும் என்றால்? ஹாஸ்கலில் சார்ட் செய்து பத்தை எடுத்தால் மீதி வரிசை பெரும்பாலும் கணக்கிடப்படாமலே விடப்படும், முதல் ஒன்று மட்டும் என்றால் செலவு பட்டியலின் நீளத்துக்கு நேர்விகிதம்தான். ஓகேமலில் அந்தச் சலுகை கிடையாது, முழுப் பட்டியலும் அடுக்கப்பட்ட பிறகுதான் உங்கள் கைக்குப் பத்து வரும், அங்கே ஒரு ஹீப் (மிகச் சிறியதை எப்போதும் எளிதாக எடுக்கத் தரும் தரவு அமைப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.